சான்றிதழ் வயலுக்குத்தான், ஆளுக்கு இல்லை: ஆர்கானிக் கடைக்காரர்களுக்கு

உணவுப் பாதுகாப்புத் துறை நோட்டீஸ் வந்த பிறகு என்னிடம் ஓடிவரும் ஆர்கானிக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே ஃபைலைத்தான் நீட்டுகிறார்கள். உள்ளே விவசாயியின் சான்றிதழ், பளபளவென்று லேமினேட் செய்தபடி. 'சர்டிபிகேட் இருக்கே சார், அப்புறம் என்ன?' இந்த மாதமும் அதே கேள்வி. வேலூர் பக்கத்தில் காட்பாடி, சத்துவாச்சாரி, ஆரணி என்று ஊர்தான் மாறுகிறது. அதனால் இதை ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

உங்கள் கையில் இருப்பது ஸ்கோப் சான்றிதழ். இந்த சர்வே எண்ணில், இத்தனை ஏக்கரில், இந்தப் பயிர், சுமார் இவ்வளவு விளையும் என்று ஆய்வு செய்து ஓராண்டுக்குக் கொடுப்பது. தமிழ்நாட்டில் கோவையில் இருக்கும் அரசின் விதைச் சான்று, அங்ககச் சான்றுத் துறை கொடுத்ததானாலும் சரி, தனியார் சான்று நிறுவனம் கொடுத்ததானாலும் சரி, அர்த்தம் ஒன்றுதான். விவசாயிக்கு 5 ஏக்கர் இருந்து 2 ஏக்கர் மட்டும் சான்றிதழில் இருந்தால், மீதி 3 ஏக்கரில் அறுத்தது சாதாரண நெல். தாளில் சீரகச் சம்பா என்று இருந்து நீங்கள் வாங்கியது உளுந்தானால், அந்த உளுந்துக்கு அந்தத் தாள் செல்லாது. போன வருடத் தாளை வைத்து இந்த வருடச் சரக்கை விற்க முடியாது. பட்டா இருக்கிறது என்பதாலேயே வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடுமா? 'அவர் நல்ல மனுஷன் சார், இருபது வருஷமா தெரியும்' என்பார்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும். சான்று கொடுத்தது அவருடைய குணத்துக்கு இல்லை, அந்த இரண்டு ஏக்கருக்கு.

மூட்டையாக வாங்கும்போது கேட்க வேண்டிய தாள் வேறு. டிரான்சாக்ஷன் சான்றிதழ், சுருக்கமாக டி.சி. விற்பவர், வாங்குபவர், பொருள், எடை, லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். நடுவில் மொத்த வியாபாரி இருந்தால் விவசாயியிடமிருந்து அவருக்கு ஒன்று, அவரிடமிருந்து உங்களுக்கு ஒன்று. சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கேயே 'ஆர்கானிக்' முடிந்துபோகிறது. முத்திரை போட்டு சீல் வைத்து வரும் பாக்கெட்டை அப்படியே விற்றால் இந்தத் தொல்லை இல்லை. மூட்டையைப் பிரித்துப் பாக்கெட் போட்டு உங்கள் கடைப் பெயரை ஒட்டி 'ஆர்கானிக்' என்று அச்சடித்த நிமிடமே, கையாளுபவர் என்ற முறையில் நீங்களும் சான்று வாங்க வேண்டியவர். சிறு விவசாயிக்கு விதிவிலக்கு உண்டே என்று வாதாடாதீர்கள். அது தானே விளைவித்துத் தானே நுகர்வோருக்கு விற்பவருக்கான சலுகை. அவரும்கூட அரசின் ஆர்கானிக் முத்திரை போட முடியாது. 2017ஆம் ஆண்டு ஆர்கானிக் உணவு விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன.

தாள் சரியாக இருந்தாலும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சான்று 2 ஏக்கர். ஏக்கருக்கு 15 மூட்டை, மூட்டை 75 கிலோ என்றால் 2,250 கிலோ நெல். அரைத்தால் 65 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 1,460 கிலோ அரிசி. அதே விவசாயியின் பெயரைச் சொல்லி நாலு கடையில் தலைக்கு ஒரு டன் விற்பனையானால் மீதி அரிசி எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம்.

ஆய்வகம் என்றதும் இன்னொன்று. பூச்சிமருந்து எச்சப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் சரக்கு ஆர்கானிக் ஆகிவிடாது. யூரியாவும் டி.ஏ.பி.யும் போட்ட நெல்லும் அந்தச் சோதனையில் சுத்தமாகத்தான் வரும். ஆர்கானிக் உணவில் பூச்சிமருந்து எச்சம் சாதாரண உணவுக்குள்ள வரம்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (அளக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு அதைவிடக் கூடுதலானால் அந்த அளவு). சோதனை அதைச் சரிபார்க்கத்தான். எப்படி விளைந்தது என்று அது சொல்லாது.

நிறத்தைப் பார்த்து வாங்குவதும் இதே கதைதான். அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கத்து வெல்லம் கறுப்பாக இருந்தால் பாகை வெளுக்க வைக்கும் ஹைட்ரோஸ் ரசாயனம் போடவில்லை என்று ஓரளவு நம்பலாம். அந்தக் கரும்புக்கு என்ன போட்டார்கள் என்று நிறம் காட்டாது. ஜவ்வாது மலைச் சாமைக்கும் அப்படியே. மலையில் மருந்தே அடிக்காமல் விளைந்திருக்கும், உமி நீக்கக் கீழே வந்ததும் வேறு சாமையோடு கலந்துவிடும். மில்லில் தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டர் அடியிலும் உமி நீக்கும் ஹல்லரிலும் முந்தைய ஓட்டத்துத் தானியம் தங்கும். சுத்தம் செய்த பிறகு நாளின் முதல் ஓட்டமாக உங்களுடையதை விடச் சொல்லுங்கள். முதலில் விழும் மூட்டையைத் தனியாக எடுத்துச் சாதாரண அரிசியாக விற்றுவிடுங்கள்.

நம் பக்கத்தில் யாரும் கேட்காத கேள்வி தண்ணீர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். ஒரு சொட்டு மருந்து அடிக்காத வயலிலும் கிணற்றில் உப்பும் குரோமியமும் இருக்கலாம். எச்சப் பரிசோதனைப் பட்டியலில் குரோமியம் வராது, தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கிணற்று நீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு), குரோமியம் பாருங்கள், செலவைக் கடை ஏற்கட்டும். முடிவு மோசமாக வந்தால் அந்த விவசாயியைச் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடாதீர்கள். ஆற்றைக் கெடுத்தது அவரில்லை.

குடோன் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். வண்டு விழுந்தால் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்காதீர்கள். சரக்கின் சான்று போவது இருக்கட்டும், அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பவர்கள் நிறையப் பேர். நெல்லை 13, பருப்பை 10 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்து வாங்குங்கள். காற்றுப் புகாத உள்பையில் கட்டுங்கள். பையில் உமி முனை குத்தினால் ஓட்டை விழும், அடுக்கும்போது பாருங்கள். ஆறு மாதச் சரக்கை ஒரேயடியாக இறக்காமல் மாதாமாதம் எடுங்கள்.

விலைக்கு வருவோம். நெல் கிலோ 35 ரூபாய் என்று வைத்தால் 100 கிலோவுக்கு 3,500. மில் கூலி, வண்டி 400. கிடைக்கும் 65 கிலோ அரிசிக்கு அடக்கம் கிலோ 60. கழிவு, வண்டு என 5 சதவீதம் போனால் 63. வாடகை, சம்பளம், லாபத்துக்கு விற்பனை விலையில் 20 சதவீதம் வைத்தால் 79. பக்கத்துக் கடையில் அதே அரிசி 60க்குக் கிடைத்தால் நீங்களும் இறக்க ஓடாதீர்கள். இறக்கினால் அடி விழுவது விவசாயியின் 35 ரூபாயில்தான். 'வித்ததும் தரேன்' என்று மூன்று மாதம் இழுப்பதும் வேண்டாம். அடுத்த நடவுக்கு அவர் வட்டிக்கு வாங்குவார், அதற்கடுத்த போகம் யூரியாவுக்கே திரும்பிவிடுவார், உங்களுக்கும் சரக்கு இருக்காது. எடை போட்ட அன்றே பாதி, மீதி 15 நாளில் என்று எழுதிக்கொடுங்கள்.

ரசாயன விவசாயத்திலிருந்து ஆர்கானிக்குக்கு மாறுகிற காலம்தான் விவசாயிக்குப் பெரிய கஷ்டம். நெல் போன்ற ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, மா, தென்னைக்கு 3 ஆண்டு. விளைச்சல் குறையும், ஆர்கானிக் விலையும் கிடைக்காது. கடையில் இதற்கென்று ஒரு தட்டு ஒதுக்கி, 'மாறும் காலத்து விளைச்சல்' என்று வெளிப்படையாகவே எழுதி, சாதாரண விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்குங்கள். குறைந்தது 5 விவசாயிகள் சேர்ந்தால், ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்லும் பி.ஜி.எஸ். முறையில் குழுவாகப் பதியலாம். அதில் மாறும் காலத்துக்கென்றே பி.ஜி.எஸ். கிரீன் என்ற சான்று இருக்கிறது. உண்மையைச் சொல்லி விற்றால் வாங்க ஆள் வருகிறார்கள்.

மாப்பிள்ளை சம்பா சர்க்கரையைக் குணமாக்கும், இந்தப் பொடி புற்றுநோயைக் கரைக்கும் என்ற பலகைகளை இன்றே இறக்குங்கள். மருந்து, மாயச் சிகிச்சை விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சிகிச்சைக்கென்று வெளிமாநிலத்திலிருந்து வேலூருக்கு வந்து தங்கியிருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

டி.சி. இல்லாமல் ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கும் சரக்கை என்ன செய்வது? ஸ்டிக்கரை உரித்துச் சாதாரணத் தட்டுக்கு மாற்றி, சாதாரண விலை போடுங்கள். பில்லிலும் பெயரை மாற்ற மறக்காதீர்கள். பல கடையில் தட்டை மாற்றிவிட்டு பில்லிங் மெஷினில் 'ஆர்கானிக்' என்பதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.