சோலோவில் காணாமல் போகும் கிற்றார்

வெள்ளவத்தையில் எங்கள் சின்னத் திருத்தகத்துக்கு அடிக்கடி யாராவது ஈக்குவலைசர் பெடலோடு வருவார்கள். கிற்றார் ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளைத் தனித்தனி நெம்புகளால் ஏற்றி இறக்கும், காலால் மிதிக்கும் பெட்டி அது. "அண்ணா, இது பழுது." திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

கடைசியாக வந்த தம்பி கொட்டாஞ்சேனையில் ஒரு குழுவில் வாசிப்பவர். சோலோவுக்குப் பெடலை மிதித்தால் இரைச்சல்தான் கூடுகிறதாம், கிற்றார் மேலே வரவில்லையாம். அவர் போட்டிருந்த வரிசை: கிற்றார், ஈக்குவலைசர், டிஸ்டோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது), டிலே (எதிரொலி தருவது), அம்ப் (ஒலிபெருக்கி). டிஸ்டோர்ஷன் பெடல் ஒலியலையின் உச்சியை ஒரே மட்டத்தில் வெட்டுகிறது. அதற்கு முன்னால் எவ்வளவு ஏற்றிக் கொடுத்தாலும் அந்த மட்டம் உயராது, இன்னும் அதிகமாக வெட்டுப்படும், அவ்வளவுதான். ஈக்குவலைசரை டிஸ்டோர்ஷனுக்கும் டிலேக்கும் நடுவே மாற்றினேன். லெவலை, அதாவது மொத்தச் சத்தத்தை, 4 டெசிபல் அளவுக்கும், நடுப்பகுதியான 800 ஹேர்ட்ஸைக் கொஞ்சமும் ஏற்றினேன். மிதித்தார். வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அதற்காக முன்னால் வைப்பதே பிழை என்று சொல்லவில்லை. தடித்த ஈ தந்தி சுமார் 82 ஹேர்ட்ஸ். அந்த அடிச்சத்தம் முழுதாக டிஸ்டோர்ஷனுக்குள் போனால் கோர்ட்டுகள் களியாகிவிடும். பிறகு எவ்வளவு குறைத்தாலும் களி களிதான். அங்கே ஈக்குவலைசரை முன்னால் வைத்து 100, 200 ஹேர்ட்ஸ் நெம்புகள் இரண்டையும் இறக்குங்கள். என்னைக் கேட்டால், ஏற்றுவதைவிட இறக்குவதற்குத்தான் இந்தப் பெடல் அதிகம் உதவும். பழைய பாணி ஃபஸ் பெடல் (இன்னொரு வகைக் கரகரப்புப் பெடல்) இருந்தால் மட்டும் அதைக் கிற்றாருக்கு அடுத்தபடியாகவே விடுங்கள், நடுவில் வேறொன்று வந்தால் அதன் குணம் மாறிவிடும்.

டிஸ்டோர்ஷன் அம்பிலிருந்தே வருகிறதா? அப்படியென்றால் அம்புக்கு முன்னால் எங்கே வைத்தாலும் தம்பியின் கதைதான். அம்பின் பின்பக்கத்தில், அதன் டிஸ்டோர்ஷனுக்குப் பிறகு ஒலியை வெளியே எடுத்துத் திருப்பி அனுப்பும் சென்ட், ரிட்டர்ன் துளைகள் இருந்தால் அவற்றுக்கு நடுவே போடுங்கள்.

பொஸ் ஜிஈ-7 போன்ற ஈக்குவலைசர் பெடல்களில் ஒவ்வொரு நெம்பும் 15 டெசிபல் வரை ஏறும். டிஸ்டோர்ஷனுக்குப் பின்னால் 6.4 கிலோஹேர்ட்ஸை உச்சிக்குத் தள்ளிவிட்டு "உஸ்" என்கிறது என்றால் நான் என்ன செய்ய?

"ம்ம்ம்" என்று உறுமினால் விஷயம் வேறு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவு அடப்டரின் உறுமல் பெரும்பாலும் 100இல் விழும். அதுதான் முதல் நெம்பின் இடம். பெடலைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன் 9 வோல்ட் பற்றரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். உறுமல் நின்றால், மாற்ற வேண்டியது அடப்டரை.