காகாபீக் எண்டால் காக்கா இல்லை, கிளி

நியூசிலாந்தில இருக்கிற மச்சாள் போன கிழமை ஒரு பூப்படம் அனுப்பினவா, கீழ "காகாபீக்" எண்டு எழுதி. நான் அதைக் காக்காச் சொண்டு எண்டு விளங்கிக்கொண்டு, காகத்துக்கு எப்ப சிவப்புச் சொண்டு முளைச்சது எண்டு கேட்டு ஒரு சிரிப்பு ஸ்டிக்கரும் போட்டிட்டன். பிழை என்ர. அந்த நாட்டுப் பூர்வீகக் குடிகளின்ர மாவோரி மொழியில காகா எண்டால் அங்கத்தைக் காட்டுக்கிளி, பீக் மட்டும்தான் இங்கிலீஷ். (காகாப்போ கிளியிலயும் அதே காகாதான், போ எண்டால் இரவு.)

முழு மாவோரிப் பேர் கோஃபாய் ஙுதுகாகா. ஙகரத்தில தொடங்குது பாருங்கோ, நாங்கள் அரிவரியில ங ஙா ஙி எண்டு பாடமாக்கிப்போட்டு ஒரு சொல்லுக்கும் முதலெழுத்தாப் பாவிக்காமல் விட்ட எழுத்து. கோஃபாய் எண்டால் மஞ்சள், மஞ்சளாப் பூக்கிற ஒரு மரத்துக்கும் அதே பேர், இது அதுக்குச் சொந்தக்காரச் செடி. ஆனால் எனக்குப் பிடிச்சது ஙுதுதான். அதுக்கு உதடு எண்டும் கருத்து, பறவையின்ர அலகு எண்டும் கருத்து. அச்சா எங்கட சொண்டு! சொண்டு வெடிச்சிருக்கு எண்டும் சொல்லுவம், கோழி சொண்டால கொத்துது எண்டும் சொல்லுவம்.

விஞ்ஞானப் பேர் க்ளையாந்தஸ், கிரேக்கத்தில புகழ்ப்பூ மாதிரி ஒரு கருத்து. அதை விடுங்கோ.

அம்மாட்ட படத்தைக் காட்ட, "உது செவ்வகத்தியெல்லோ" எண்டா. பெரிய பிழை இல்லை, ரெண்டும் அவரைக் குடும்பம். அகத்திப்பூ வறைக்கு ஆயேக்க கவனிச்சிருப்பியள், மேல ஒரு பெரிய இதழ், பக்கத்தில ரெண்டு, நடுவில ரெண்டு இதழ் ஒட்டி வளைஞ்சு கூரா நிக்கும், அதுக்குள்ளதான் நாங்கள் இழுத்து எறியிற நரம்பு. அந்த வளைஞ்சதைப் புத்தகத்தில படகல்லி எண்டுவினம், இந்தப் பூவில அதுதான் கிளியின்ர சொண்டு.

செடி ஆளுயரப் பற்றை. 1769இல கப்டன் குக்கின்ர கப்பலில வந்த தாவரவியலாளர் பாங்ஸும் சொலாண்டரும் சேகரிச்சது, இப்ப வீட்டுத் தோட்டங்களில நிறைய நிக்குது, காட்டிலதான் அழியுற நிலை. வௌவாலைத் தவிர தரையில வாழுற பாலூட்டியே இல்லாத நாட்டில வளந்த செடிக்கு ஆடும் மானும் வந்தால் என்ன தற்காப்பு? அகத்திக் கொப்பைக் கண்ட ஆடு எப்பிடி நிக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்தானே.

தமிழில என்ன சொல்லுறது? காக்கைமூக்கு எண்டு மட்டும் வேண்டாம். கிளிமூக்குப்பூ எண்டால் இந்தியாப் பக்கம் விளங்கும், அங்க கிளிமூக்கு மாங்காய், எங்களுக்குக் கிளிச்சொண்டு மாங்காய். அதால என்ர வாக்கு கிளிச்சொண்டுப்பூவுக்கு. காகாவின்ர சொண்டு உண்மையில சாம்பல் நிறம், அங்க வளைவைப் பாத்துத்தான் பேர் வைச்சிருப்பினம், எங்களுக்கோ கிளிச்சொண்டு எண்ட உடனேயே சிவப்பும் சேந்து வந்திடும்.

மச்சாளுக்கும் இந்தப் பேரை அனுப்பினன். "மாங்காய் தொடங்கீட்டுதோ" எண்டு கேக்கிறா.