ஸ்ட்ரெச்சிங்: இழுப்பு அல்ல, நீட்சி

ஜிம்முக்குப் போகிறவரும் சரி, இடுப்பு வலிக்கு பிசியோதெரபி பார்க்கிறவரும் சரி, 'ஸ்ட்ரெச்சிங் செய்யச் சொன்னார்கள்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெச்சன்' என்று வழங்கிய வினைச்சொல் இது. விரித்தல், நீட்டுதல் என்று பொருள். இதைச் சிலர் 'தசை இழுப்புப் பயிற்சி' என்று தமிழாக்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. 'ராத்திரி கால் இழுத்துக்கொண்டது' என்றால் கெண்டைக்கால் கல்லாக இறுகி அலறவைத்தது என்று அர்த்தம். 'ஒரு பக்கம் இழுத்துவிட்டது' என்றால் பக்கவாதம். மூச்சிரைப்புக்கும் இழுப்பு என்று பெயர் உண்டு. நோய்க்கு வைத்த பெயரைப் பயிற்சிக்கு எப்படி வைப்பது?

வீட்டில் புழங்கும் சொல் சோம்பல் முறித்தல். பக்கத்திலேயே நெட்டி முறித்தல் இருக்கிறது, ஆனால் அது வேறு. விரலை மடக்கினால் 'டக்'கென்று வரும் ஒலி, மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடையது. தசை நீள்வதற்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. கழுத்தில் சத்தம் வந்தால்தான் இறுக்கம் விட்டது என்று நினைத்து, வெடுக்கென்று திருப்பிக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சோம்பல் முறிப்பதற்கு இன்னும் அழகான பழைய சொல் ஒன்று உண்டு: மூரி நிமிர்தல். மூரி என்றால் வலிமை, எருது என்றெல்லாம் பொருள். திருப்பாவையின் 23-ஆம் பாசுரத்தில், மழைக்காலம் முழுக்கக் குகையில் கிடந்து உறங்கிய சிங்கம் எழுகிறது. எடுத்தவுடன் பாய்ந்துவிடவில்லை. 'எப்பாடும் பேர்ந்துதறி மூரி நிமிர்ந்து முழங்கி' அப்புறம்தான் புறப்படுகிறது. முதலில் உடம்பை எல்லாப் பக்கமும் அசைத்து உதறுகிறது, பிறகு நிமிர்கிறது. உடற்பயிற்சிக்கும் இதே வரிசைதான் நல்லது. ஐந்து நிமிடமாவது நடந்தோ கை கால்களை வீசியோ உடம்பில் சூடு ஏற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் நீட்ட வேண்டும்.

சரி, பயிற்சிக்கு என்ன பெயர்? நீட்டல், நீட்சி இரண்டுமே வழக்கில் இருக்கின்றன. என் வாக்கு நீட்சிக்கு. நீட்டல் 'நீட்டு' என்ற பிறவினையிலிருந்து வருகிறது, நாம் செய்வது. நீட்சியோ 'நீள்' என்ற தன்வினையிலிருந்து வருகிறது, தானாக நிகழ்வது. மீள், மீட்சி ஆவது போல நீள், நீட்சி ஆகிறது. இயற்பியல் பாடத்தில் சுருள்வில்லுக்கு நீட்சியும் மீட்சியும் சொல்வார்கள் அல்லவா, அதே சொற்கள்தான்.

தசையின் இயல்பும் இந்தத் தன்வினைக்குத்தான் ஒத்துவருகிறது. தசைக்குள் அதன் நீளத்தை உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. தசை திடீரென்று நீண்டால் அவை முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, அதே தசை உடனே சுருங்கி எதிர்க்கிறது. பள்ளியில் எங்களைக் குனிந்து, துள்ளித் துள்ளிக் கால்விரலைத் தொடச் சொன்னார்கள். அந்த ஒவ்வொரு துள்ளலுக்கும் தொடையின் பின்தசை இறுகித்தான் இருக்கும். மெதுவாகப் போய், மூச்சை அடக்காமல், 10 முதல் 30 விநாடி அப்படியே நின்றால் எதிர்ப்பு தணிகிறது. வயதானவர்களுக்கு 30 முதல் 60 விநாடி. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்ய வேண்டும். இப்படி அசையாமல் நிற்பது நிலை நீட்சி. கால் வீசுவது, இடுப்பைச் சுழற்றுவது போன்றவை இயங்கு நீட்சி. ஓட்டத்துக்கோ கபடிக்கோ முன்னால் இயங்கு நீட்சியே ஏற்றது. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நிலையாக நீட்டிவிட்டு உடனே களமிறங்கினால் அதன் விசை சற்றுக் குறையும்.

இதனால் கிடைக்கும் 'ஃபிளெக்ஸிபிலிட்டி'க்கு நெகிழ்வு என்ற சொல்லே போதும். பிரிவில் மெலிந்த தலைவியின் வளை நெகிழ்ந்தது என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. இறுகப் பிடித்திருந்தது தளர்கிறது. உடம்பிலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு, தசை நீளமாக வளர்ந்ததால் வருவதில்லை. அந்த நீட்சியை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளப் பழகியதால் வருவது.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. தசையின் நடுவில் இதமான இறுக்கம் தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். சுரீரென்று குத்தினாலோ, மூட்டுக்குள் வலித்தாலோ, கால் மரத்துப்போனாலோ, எரிச்சல் ஓடினாலோ உடனே பின்வாங்குங்கள். மறுநாளும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போய், எந்த இடத்தில் சுரீர், எந்த இடத்தில் மரப்பு என்று பிரித்துச் சொல்லுங்கள். 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்வதைவிட அது அவருக்கு அதிகம் உதவும்.