விரல் வைத்தால் ஓடும் போர்டு

போன ஐப்பசி மழையில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிற எங்கள் ரிப்பேர் பெஞ்சுக்கு ஒரே வாரத்தில் ஏழு போர்டு திரும்பி வந்தது. பட்டனை அமுக்கினால் மொட்டைமாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை 20 நிமிடம் ஓட்டிவிட்டு அணைக்கிற சாதாரண டைமர்தான், பேக்கப் செல்கூடக் கிடையாது. அதன் சிப்புக்கு நேரத் துடிப்பைத் தருவது கிரிஸ்டல், அதாவது சீராக அதிர்கிற ஒரு குவார்ட்ஸ் துண்டு. எல்லோருக்கும் ஒரே புகார்: கரண்ட் போய் வந்தால் டிஸ்பிளே செத்துக் கிடக்கிறது, நாலைந்து தடவை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தால் உயிர் வருகிறது.

பெஞ்சில் இருந்த பையன் பத்து நிமிடத்தில் வந்து நின்றான். "சார், கிரிஸ்டல் மேல விரல் வெச்சா ஓடுது."

"விரலை எடுத்தா?"

"எடுத்தாலும் ஓடுது சார். சோல்டரை ஒருவாட்டி சூடு காட்டி அனுப்பிடலாமா?"

இந்த இடத்தில்தான் நம்மில் பாதிப் பேர் தவறு செய்கிறோம். விரல் பட்டு ஓடிய போர்டு சரியான போர்டு இல்லை. பேட்டரி இறங்கின வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்த மாதிரி அது, நாளைக்குக் காலையில் மறுபடி தள்ள வேண்டும். கிரிஸ்டல் தானாக எழுவது, அதாவது அதிரத் தொடங்குவது, சர்க்யூட்டில் எப்போதும் இருக்கிற மிகச் சின்ன நாய்ஸிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் சிப்புக்குள் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் தருவது கிரிஸ்டல் தின்பதைவிட அதிகமாக இருந்தால் அலை வளரும். கொஞ்சமே அதிகம் என்றால் வளர்வதற்கு ஏகப்பட்ட நேரம் பிடிக்கும், குறைந்துவிட்டால் எழவே எழாது. விரல் வைக்கும்போது உடம்பு வாங்கி வைத்திருக்கிற 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கூடவே கொஞ்சம் கெபாசிட்டன்ஸும் போய் ஒரு தள்ளு தள்ளுகிறது, அவ்வளவுதான்.

அலையைப் பார்க்க வைக்கிற ஆசிலோஸ்கோப்பின் புரோபும் அப்படித்தான் ஏமாற்றும். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கிற பத்து எக்ஸில் வைத்தாலே பத்துப் பன்னிரண்டு பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் ஏறும், ஒரு எக்ஸில் வைத்தால் நூறைத் தொட்டுவிடும். போர்டில் இருக்கிற கெபாசிட்டரே 10 பிகோ என்றால், நீங்கள் பார்ப்பது உங்கள் சர்க்யூட்டை இல்லை, புரோபும் சேர்ந்த வேறொரு சர்க்யூட்டை. ஓடாததை ஓட வைக்கும், ஓடுவதை நிறுத்தவும் செய்யும். அதனால் கிரிஸ்டல் காலைத் தொடாமல் வேறு இடத்தில் பார்க்கப் பழகுங்கள். எங்கள் போர்டில் இருந்த எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் ஆர்டிசி (நேரம் எண்ணுகிற பகுதி) கிளாக்கை 64-ஆல் வகுத்து பிசி13 என்ற காலுக்கு அனுப்ப ஒரு வசதி உண்டு. 32.768 கிலோஹெர்ட்ஸ் ஓடினால் அங்கே 512 ஹெர்ட்ஸ் வரும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் புரோபை வைத்துக்கொண்டு உட்காரலாம்.

சரி, காரணம் என்ன? முதலில் புரோகிராம். கிரிஸ்டல் தயாராகிவிட்டதா என்று பார்க்கிற வரியில் முடிவே இல்லாமல் காத்துக் கிடந்தது. அதனால்தான் டிஸ்பிளேவே வரவில்லை. அது காட்டிக்கொடுத்ததே தவிர, நோய் அது இல்லை. நோய் பர்ச்சேஸில் இருந்தது. ரிச்சி தெருவில் 32.768 கிரிஸ்டல் என்று கேட்டால் அரிசி மாதிரி ஒரு வெள்ளி உருளையைத் தருவார்கள். அது 6 பிகோ லோடு கெபாசிட்டன்ஸா (சரியாக ஓட அதன் இரு கால்களுக்கு இடையே தெரிய வேண்டிய கெபாசிட்டன்ஸ்) 12.5-ஆ என்று அதன் உடம்பில் எழுதியிருக்காது, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தச் சிப்பின் டேட்டாஷீட்டோ 7 பிகோவுக்கு மேல் வேண்டாம், 12.5-ஐப் போடவே போடாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எங்களுக்கு வந்தது 12.5. அதற்கேற்ற மாதிரி கிரிஸ்டலின் இரு கால்களிலும் இருக்கிற கெபாசிட்டரையும் யாரோ 20 பிகோவாக மாற்றியிருந்தார்கள். கணக்கு என்னவோ சரிதான்: இரண்டு கெபாசிட்டரும் தொடராக இருப்பதால் பாதி, 10, அதோடு போர்டின் தடங்கள் தருகிற இரண்டு மூன்று பிகோ. கிரிஸ்டலுக்குப் பொருத்தம், சிப்புக்குச் சுமை. இழுக்க முடியாத வண்டியில் மாட்டைக் கட்டின கதை.

அப்புறம் ஏன் மழைக்காலத்தில் மட்டும்? போர்டைத் திருப்பிப் பார்த்தால் கிரிஸ்டல் கால்களுக்கு நடுவே சோல்டர் வைத்தபோது மிஞ்சிய ஃப்ளக்ஸ் பழுப்பாக, லேசாகப் பிசுபிசுவென்று இருந்தது. வெயில் காலத்தில் அது சும்மா கிடக்கும். சென்னையின் ஐப்பசி ஈரத்தில் அது தண்ணீரை இழுத்து, இரண்டு காலுக்கும் இடையில் சில மெகா ஓம் கசிவை உண்டாக்கிவிடும். சிப்புக்குள் ஆம்ப்ளிஃபயரைச் சரியான வோல்டேஜில் நிறுத்தி வைக்கிற (பயாஸ்) ரெசிஸ்டரே மெகா ஓம் கணக்கில் இருக்கும்போது அந்தக் கசிவு ரொம்பப் பெரிய விஷயம். ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்த சர்க்யூட் அதில் படுத்துவிட்டது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போட்டுக் கழுவிக் காய வைத்ததும் ஏழில் ஐந்து எழுந்துகொண்டது. பையனுக்கு ஒரே சந்தோஷம். நான் அனுப்ப விடவில்லை.

ஏனென்றால் கிரிஸ்டலை எழுப்புகிற தெம்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கிரிஸ்டலுக்குத் தொடராக ஒரு ரெசிஸ்டரைப் போட்டு, ஒவ்வொரு தடவையும் சப்ளையை முழுதாக அணைத்துப் போட்டு, எந்த மதிப்பு வரை எழுகிறது என்று பாருங்கள். அந்த ரெசிஸ்டரும் கிரிஸ்டலின் சொந்தத் தடையும் சேர்ந்து, சொந்தத் தடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது தொழிலில் நடைமுறை. இந்த 32.768 வாட்ச் கிரிஸ்டலின் தடை 70 கிலோ ஓம் வரை போகும், ஆக 300 கிலோவைப் போட்டும் எழுந்தால்தான் நிம்மதி. கழுவிய ஐந்தும் 47 கிலோவிலேயே எழாமல் நின்றுவிட்டன. 6 பிகோ கிரிஸ்டலும் 8 பிகோ கெபாசிட்டரும் மாற்றிய பிறகு 330-இலும் எழுந்தன, ஏழுமே.

மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் இவ்வளவு நச்சரிப்பு இருக்காது, அங்கே பெரும்பாலும் கவனக்குறைவுதான். டிஸ்க் கெபாசிட்டரில் 220 என்று இருந்தால் அது 22 பிகோ, 221 என்றால்தான் 220 பிகோ. இதை மாற்றிப் போட்டு ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தவர்களை எனக்குத் தெரியும், ஒருவர் நான். அட்மெகா சிப்பில் கிளாக் எங்கிருந்து வரும் என்று தீர்மானிக்கிற ஃபியூஸ் பிட்டை வெளி கிளாக் என்று வைத்துவிட்டால் எந்தக் கிரிஸ்டலும் ஓடாது.

டிஎஸ்1307 ஆர்டிசி ஐசி புதிதாகச் சப்ளை பெறும்போது ஆசிலேட்டரை நிறுத்தி வைத்தபடிதான் எழும், விநாடி ரிஜிஸ்டரின் ஏழாவது பிட்டை நாம் சுழியாக்க வேண்டும். இது தெரியாமல் எங்கள் பையன் போன மாதம் மூன்று கிரிஸ்டலை மாற்றிவிட்டு, நாலாவதை வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.