எம்.எல்.ஏ.விடம் கொடுக்கும் மனு எங்கே போய் நிற்கிறது? மாற்றுத்திறனாளி உரிமை கேட்பவர்களுக்கு

மனுவை வாங்க மறுக்கும் எம்.எல்.ஏ. கிடையாது. சிரித்த முகத்தோடு வாங்கி, 'மேல்நடவடிக்கைக்காக' என்று எழுதி ஆட்சியருக்கு அனுப்பிவிடுவார். அங்கிருந்து அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு வரும். பல நேரம் நீங்கள் யார்மீது குறை சொன்னீர்களோ, அதே மேசைக்கு! 'நிதி வரப்பெற்றதும் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு கடிதம் கிடைக்கும். கோப்பில் உங்கள் மனு 'தீர்வு செய்யப்பட்டது'.

இந்தச் சுற்றில் சிக்காமல் இருக்க ஒரே வழி, அலுவலகம் செய்ய முடியாத, மக்கள் பிரதிநிதி மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைக் கேட்பது. அவையில் கேள்வி எழுப்புவது, அமைச்சரிடம் உறுதிமொழி வாங்குவது, தொகுதி நிதியைப் பரிந்துரைப்பது ஆகியவை அப்படிப்பட்டவை.

பின்னணி சுருக்கமாக: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது; அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வியில் 5 சதவீதம் இடஒதுக்கீடு தருகிறது. மனு எழுத இவ்வளவு போதும்.

முதலில் உங்கள் பிரச்சினை தனிப்பட்டதா, பொதுவானதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வந்து, அதிகாரிகளை உட்காரவைத்து விசாரிக்கிறது. நல்ல வழிதான். ஆனால் தனிநபர் குறை, வேலை கேட்பது, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் எதையும் அது எடுக்காது. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். 'எனக்கு உதவித்தொகை வரவில்லை, எங்கள் ஊர்ப் பள்ளியில் சாய்தளமும் இல்லை' என்று சேர்த்து எழுதினால் இரண்டுமே போச்சு.

உங்கள் உதவித்தொகை நின்றுபோனதென்றால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அப்படி ஒருவர் இருப்பதே பல அலுவலகங்களில் தெரியாது. அந்த அறியாமையே நல்ல சட்டமன்றக் கேள்வி: 'இம்மாவட்டத்தில் எத்தனை அலுவலகங்களில் குறைதீர் அலுவலர் நியமிக்கப்பட்டுள்ளார்? கடந்த ஆண்டு பதிவான புகார்கள் எத்தனை?'

யாரிடம் போவது? ரயில் நிலையம், தேசிய வங்கி, மத்திய அரசு வேலை, யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) என்றால் எம்.பி. மாநில உதவித்தொகை, அரசுப் பேருந்து, பள்ளி, தாலுகா அலுவலகம் என்றால் எம்.எல்.ஏ. மாற்றிக் கொடுத்தால் 'இது எங்கள் வரம்பில் இல்லை' என்ற பதிலுக்கே பல மாதம் காத்திருக்க நேரும். எம்.பி.யிடம் கேட்க ஒரு விஷயம் தயாராகவே இருக்கிறது: மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் அதன் பங்கு 2012இலிருந்து மாதம் 300 ரூபாய்தான், அதற்கும் 80 சதவீதக் குறைபாடு வேண்டும். இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் போதும் என்னும்போது ஓய்வூதியத்துக்கு மட்டும் ஏன் 80?

கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். 'ஐயா, மாற்றுத்திறனாளிகளுக்காகப் பேசுங்கள்' என்றால் யாரும் பேசமாட்டார்கள், பேசினாலும் வாழ்த்துரையாகத்தான் இருக்கும். மக்களவையில் கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு கொடுப்பதில் பயனில்லை, தேதி அறிவித்த வாரமே கொடுத்துவிடுங்கள். சட்டமன்றத்துக்கு, பட்ஜெட்டை அடுத்து ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம்தான் சரியான நேரம். அப்போது துறை அவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் இருக்கும் புள்ளிவிவர எண்ணையே எடுத்துக் கேளுங்கள். தங்கள் எண்ணைத் தாங்களே மறுக்க முடியாது. அமைச்சர் 'ஆவன செய்யப்படும்' என்று அவையில் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதைப் பின்தொடரவே பேரவையிலும் நாடாளுமன்றத்திலும் உறுதிமொழிக் குழுக்கள் இருக்கின்றன. சொன்ன தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எல்.ஏ., எம்.பி. அலுவலக உதவியாளர்கள் கேட்கும் முதல் கேள்வி 'குறைபாடு எத்தனை சதவீதம்?' என்பதாக இருக்கும். 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கான வரம்பு. சாய்தளம், கைப்பிடி, சைகை மொழி, பாகுபாடு இல்லாத நடத்தை இவற்றைக் கேட்க எந்தச் சதவீதமும் தேவையில்லை. அட்டை இல்லையென்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள், மெதுவாக, ஆனால் எழுத்தில்.

தொகுதி மேம்பாட்டு நிதியில் (தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்) சாய்தளம் கேட்பவர்கள் அளவையும் மனுவிலேயே எழுதுங்கள். 1:12 சரிவு, அதாவது வாசல் 45 சென்டிமீட்டர் உயரமென்றால் சாய்தளம் 540 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் இருக்கும் இடத்துக்குள் அடக்கி, சறுக்குமரம் மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டுப் போவார். திறப்பு விழாப் படமும் வரும், சக்கர நாற்காலி மட்டும் ஏறாது. ஏப்ரல், மே மாதங்களில் கேளுங்கள். தாமதித்தால் நிதி வேறு வேலைகளுக்குப் போய்விட்டிருக்கும். 'ஏற்கெனவே உள்ள கட்டடம்' என்று தட்டிக்கழித்தால், பழைய பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி மாற்றத் தரப்பட்ட 5 ஆண்டுக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

நேரில் போகும்போது ஐந்தாறு பேர் போதும், கூட்டம் வேண்டாம். சம்பந்தப்பட்டவரே பேசட்டும். உடன் வந்தவர் பேச ஆரம்பித்தால் அது உரிமை கேட்பதிலிருந்து உதவி கேட்பதாக மாறிவிடும். காது கேளாதவர் இருந்தால் மொழிபெயர்ப்பாளரை நீங்களே அழைத்துப் போங்கள், அங்கே இருக்காது. மனு ஒரு பக்கம்தான். நகலில் தேதி, முத்திரை, கையொப்பம் வாங்காமல் வெளியே வராதீர்கள். படம் எடுத்துக்கொள்வது ஒப்புகை ஆகாது.

எம்.எல்.ஏ. கடிதம் அனுப்பியிருந்தால் அதன் நகலையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். 30 நாள் பொறுத்துவிட்டு, அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள்: 'இந்தத் தேதியிட்ட கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை, கோப்புக் குறிப்புகளின் நகல், கோப்பு தற்போது யாரிடம் உள்ளது?' வரும் பதிலோடு மறுபடியும் எம்.எல்.ஏ. அலுவலகம் போகலாம். இந்த முறை அவரிடம் கேட்க வேண்டியது, துறைச் செயலாளருக்கு நேரடிக் கடிதம்.