பாய்காட்: புறக்கணிப்பா, ஊர்விலக்கா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பீடோங் கோப்பிக் கடைகளில் ‘பாய்காட்’ இப்போது சர்வ சாதாரணமாகப் புழங்கும் சொல். நடிகர் ஒருவர் அரசியல் பேசிவிட்டால் போதும், மறுநாள் காலை தே தாரேக் ஆறுவதற்குள் “இவர் படத்த இனிமே பாய்காட் பண்ணணும்ணே” என்று யாராவது ஆரம்பித்துவிடுவார். பாடகர் செராமா என்கிற தேர்தல் பிரசாரக் கூட்டத்தில் மேடை ஏறினால், கோயில் திருவிழாவுக்கு அவரைக் கூப்பிடலாமா வேண்டாமா என்பது வரை பேச்சு போகும்.

இந்தச் சொல் ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் பாய்காட் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, அயர்லாந்தின் மேயோ வட்டாரத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்டவர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இவர் யாரென்று சட்டெனப் புரியும். முதலாளி எங்கோ இருப்பார். வசூலும் வெளியேற்றமும் இங்கிருக்கும் துரை கையில். 1880-இல் விளைச்சல் சரியில்லாததால் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் குடியானவர்கள் கேட்டார்கள். பாய்காட் அவர்களை வெளியேற்றப் பார்த்தார். ஊர் அவர்மேல் கை வைக்கவில்லை. வேலையாட்கள் வேலைக்கு வராமல் நின்றுகொண்டார்கள், கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். வயலில் நின்ற பயிரை அறுக்க வெளியூரிலிருந்து 50 பேரும், அவர்களுக்குக் காவலாகப் பட்டாளமும் வரவேண்டியதாயிற்று. ஏறக்குறைய 500 பவுன் பெறுமான பயிருக்கு 10,000 பவுன் வரை செலவானதாகச் சொல்வார்கள். நவம்பர் கடைசியில் அவர் ஊரைவிட்டே கிளம்பினார். பெயர் மட்டும் வினைச்சொல்லாகத் தங்கிவிட்டது.

ஆக, கையில் அதிகாரம் இல்லாதவர்கள் அதிகாரம் உள்ளவருக்கு எதிராக எடுத்த ஆயுதம் இது. நம் பகுதிக்கும் இது புதிதில்லை. 1947-இல் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பினர் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தபோது பீடோங் அதில் முக்கியமான இடம். கூலியில் ஒரு பங்கைக் கள்ளுக்கடை திரும்ப வாங்கிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து வெறுத்தவர்கள் அவர்கள். அந்தப் போராட்டத்தை இன்னும் நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

மலாயில் ‘பொய்கொட்’ என்றும் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கென்று அழகான சொல் ஒன்று உண்டு: ‘மெமுலாவ்கான்’. ‘பூலாவ்’ என்றால் தீவு. ஒருவரோடு யாரும் ஒட்டாமல், அவரைத் தனித் தீவாக ஆக்கிவிடுவது.

தமிழில் முதலில் வந்தது ‘பகிஷ்காரம்’. வடமொழிச் சொல், ‘வெளியே தள்ளுதல்’ என்று பொருள். அந்நியத் துணி பகிஷ்காரம், 1928-இல் சைமன் கமிஷன் பகிஷ்காரம் என்று அந்தக் காலத்தில் எங்கும் ஒலித்தது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் பணிப்பகிஷ்கரிப்பு என்றுதான் எழுதுகிறார்கள். மற்ற இடங்களில் ‘புறக்கணிப்பு’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. புறம் என்றால் முதுகு, வெளிப்பக்கம். வேண்டாதவர் பக்கம் நான் திரும்பாமல் இருக்கிறேன், அவ்வளவுதான். பாய்காட்டுக்கு நல்ல தமிழ் இதுதான்.

சிலர் ‘ஊர்விலக்கு’, ‘தள்ளிவைத்தல்’ என்பவற்றையும் இதே பொருளில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊர்விலக்கு ஊரில் பலம் உள்ளவர்கள் பலமில்லாத குடும்பத்தின் மேல் சுமத்துவது. பல நேரம் சாதியின் பேரால். தள்ளிவைத்த வீட்டோடு பேசுகிறவனுக்கும் தண்டனை உண்டு. புறக்கணிப்பில் அந்தக் கட்டாயம் கிடையாது.

கலைஞர்கள் விஷயத்தில் இந்த இரண்டும்தான் குழம்பிப்போகின்றன. 2017-இல் பாடகி ஷீலா மஜித் விலைவாசி ஏற்றத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஆதரவும் வந்தது, ‘பாடகிக்கு எதற்கு இந்த வேலை’ என்ற கண்டனமும் வந்தது. சந்தைக்குப் போய்க் காசு கொடுத்துச் சாமான் வாங்குகிற எவருக்கும் விலையைப் பற்றிப் பேச உரிமை உண்டு. குரல் நன்றாக இருப்பதால் அந்த உரிமை போய்விடுமா? அவர் சொன்னது பிடிக்காதவர் அவர் பாட்டைக் கேட்காமல் இருக்கலாம். அது புறக்கணிப்பு, அதில் தவறே இல்லை.

அதே ஆண்டு தமிழ் நடிகர் சத்யராஜுக்கு நடந்தது வேறு. 2008-இல் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையே எழுந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டப் பிரச்சினையில் அவர் பேசியதை வைத்து, ஒன்பது ஆண்டு கழித்து, ‘பாகுபலி 2’ கர்நாடகத்தில் வரக்கூடாது என்று கன்னட அமைப்புகள் நின்றன. முழு அடைப்புக்கும் அழைப்பு விட்டார்கள். அவர் அதில் ஒரு நடிகர். எடுத்தவர்கள் வேறு, பணம் போட்டவர்கள் வேறு. கடைசியில் அவர் வருத்தம் தெரிவித்த பிறகுதான் எதிர்ப்பு அடங்கியது. பார்க்க ஆசைப்பட்ட கன்னட ரசிகர்களின் டிக்கெட்டும் சேர்ந்தே பணயமாக இருந்தது. இதைப் புறக்கணிப்பு என்று எழுதுவது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

எழுதும்போது பார்க்க வேண்டியது வாக்கியத்தின் எழுவாயைத்தான். ‘நான் புறக்கணிக்கிறேன்’, ‘நாங்கள் புறக்கணிக்கிறோம்’ என்றால் பொருத்தம். மற்றவர் வாங்க வந்த டிக்கெட்டை, மற்றவர் கேட்க வந்த பாட்டை நிறுத்தினால் அங்கே ‘தடுத்தார்கள்’ என்று எழுதுங்கள்.