முதல் புல் ரிக்வெஸ்ட்டுக்கு யார் பதில் சொல்வது?

வேலை நாட்களில் ஒரு திறமூலப் பைத்தான் நூலகத்தை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பை) பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். திறமூலம் என்றால் யாரும் கோடைப் படித்து, திருத்தி அனுப்பலாம்; அப்படி அனுப்பும் திருத்தக் கோரிக்கைதான் புல் ரிக்வெஸ்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு, கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் கருவியைச் சொல்லிக்கொடுக்கிறேன். கோடு அனுப்புகிறவர்களின் தவிப்பும் அதை வாங்கிப் பார்க்கிறவர்களின் அலுப்பும் எனக்கு ஒருசேரத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் திறமூலத்தை விட்டுப் போவதற்குக் கோடு எழுதத் தெரியாதது அரிதாகத்தான் காரணம். அனுப்பியதற்கு ஒருவரும் வாய் திறக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறது. அனுப்பிய கோடைப் படித்துப் பார்த்துச் சொல்லும் கருத்து, அதாவது ரிவ்யூ, 48 மணி நேரத்துக்குள் கிடைத்தவர்கள் மறுபடி பங்களிக்க வருவது மிக அதிகமாக இருந்திருக்கிறது.

தக்கலைப் பக்கத்து மாணவி ஒருவர் ஒரு நூலகத்தின் ஆவணத்தில் பிழையைக் கண்டுபிடித்தார். அதில் கொடுத்திருந்த எடுத்துக்காட்டு, புதிய பதிப்பில் நீக்கப்பட்ட ஃபங்ஷனை அழைத்துக்கொண்டிருந்தது. திருத்தி அனுப்பினார். அனுப்பியதைத் தானாகச் சரிபார்க்கும் சோதனைகள் ஓடவில்லை; பராமரிப்பாளர் ஒப்புதலுக்குக் காத்திருப்பதாக ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. இரவு வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணே, நான் எதாவது தப்பா செஞ்சிட்டனா?"

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தச் சோதனைகள் ஓடுவது, கோடு வைக்கும் தளமான கிட்ஹப்பின் இலவச சர்வர்களில். அங்கே கிரிப்டோ நாணயம் தோண்டச் சிலர் புல் ரிக்வெஸ்ட்டைப் பயன்படுத்தியதால், முதல்முறை அனுப்புகிறவர்களின் சோதனைகளைப் பராமரிப்பாளர் ஒப்புதல் கொடுத்த பிறகே ஓடவிடுவது என்று 2021-ல் முடிவானது. தேவையான விதிதான். ஆனால் அந்தத் திட்டத்தில் யாரும் பொத்தானை அழுத்தவில்லை. பல வாரம் கழித்து வேறொருவர் அதே திருத்தத்தைச் சேர்த்தார். மாணவியுடையது ஒரு சொல்கூட இல்லாமல் மூடப்பட்டது. அவர் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பராமரிப்பாளர்களிடம் நான் கேட்பது முழு ரிவ்யூ அல்ல. "பார்த்தேன், நன்றி. சனிக்கிழமை விரிவாகப் பார்க்கிறேன்" என்ற ஒரு வரி போதும். ரஸ்ட் என்ற நிரல்மொழித் திட்டத்தில் புல் ரிக்வெஸ்ட் வந்ததுமே ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) வரவேற்று, பார்க்க வேண்டியவர் யார் என்று பெயர் குறித்துவிடுகிறது. பொறுப்பு ஒருவர் தலையில் விழுந்தால்தான் வேலை நடக்கும். குழுவில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்ப்பதில்லை.

அடுத்தது கருவிகளை நிறுவும் வழிமுறை. அதை எழுதுகிறவர் கையில் நல்ல மடிக்கணினியும் ஃபைபர் இணைப்பும் இருக்கும். எங்கள் பிள்ளைகளில் பலரிடம் 4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் மடிக்கணினியும் கைபேசி ஹாட்ஸ்பாட்டும்தான். தேவையான கருவிகளை ஒன்றாகக் கட்டிய டாக்கர் இமேஜை இறக்குவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். கோடை நகலெடுக்கும்போதும் (குளோன்) மாற்றங்களின் முழு வரலாறும் வேண்டாம், கடைசிப் பதிவு (கமிட்) மட்டும் போதும் என்று டெப்த் 1 (--depth 1) போட்டுக்கொள்ளலாம். இதை வழிமுறையில் ஒரு வரியாக எழுதி வைத்தால் எத்தனையோ பேருக்கு உதவும்.

விண்டோஸில் இன்னொரு தொல்லை. வரி முடிவைக் குறிக்கும் எழுத்து லினக்ஸில் ஒரு விதம், விண்டோஸில் ஒரு விதம். ஒரே ஒரு சொல்லைத் திருத்தியிருப்பார்கள். எது மாறியது என்று காட்டும் டிஃப்பில் கோப்பு முழுவதுமே மாறியதாகக் காட்டும். "தேவையில்லாத மாற்றங்களை நீக்கவும்" என்று பதில் வரும். என்ன மாற்றினோம் என்றே பிள்ளைக்குப் புரியாது. திட்டத்தில் கிட்அட்ரிபியூட்ஸ் (.gitattributes) கோப்பைச் சேர்த்து, டெக்ஸ்ட் ஆட்டோ (* text=auto) என்று ஒரு வரி போட்டால் பெரும்பாலும் தீர்ந்தது.

கேள்வி கேட்பதில் தயக்கம் எங்கள் பிள்ளைகள் பக்கத்திலும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலில் நின்ற கன்னியாகுமரி மாவட்டம் இது. ஆனாலும் நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஆங்கிலத்தில் கேட்கப் பிள்ளைகள் கூசுகிறார்கள். எல்லாக் கேள்வியும் எனக்குத் தனியாக வருகிறது, அதுவும் திரையைக் கைபேசியில் படம் பிடித்து. மக்களே, இரண்டு எளிய வரி போதும். பிழைச் செய்தியை எழுத்தாகவே முழுதும் ஒட்டுங்கள். ஓப்பன்-தமிழ் மாதிரி தமிழுக்கான நூலகங்களில் தமிழிலேயே கேட்டால்தான் என்ன?

பராமரிப்பாளர்களின் அலுப்பும் நியாயமானது. அக்டோபரில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர்களுக்குப் பரிசு தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-ல் டி-சட்டைக்காக வந்து குவிந்த வெற்றுத் திருத்தங்களால், விரும்பிப் பதிவு செய்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கோப்புச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டில் (xz) நடந்து, மார்ச் 2024-ல் வெளியே தெரிந்த விவகாரம் அதைவிடக் கொடியது. அதைப் பராமரிக்கத் தனியாகப் பாடுபட்ட ஒருவரை நெருக்கி, நம்பிக்கையைப் பெற்று, உள்ளே வந்த ஆள்தான் பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்தது. ஆகவே கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சான்றிதழுக்காக ஆளுக்கொரு புல் ரிக்வெஸ்ட் அனுப்பச் சொல்லாதீர்கள். அந்தச் சுமை முழுவதும் முகம் தெரியாத ஒருவர் மேல் இறங்குகிறது.

எங்கள் குழுவில் வாரம் ஒருவர் முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வாரம் அவருக்கு முதல்முறை வந்தவர்களின் புல் ரிக்வெஸ்ட் மட்டும்தான் வேலை. ஓய்ந்து கிடப்பதைத் தானாக மூடும் பாட்டை இவற்றின் மேல் ஓடவிடுவதில்லை. நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு வரும், பிள்ளைகள் காணாமல் போவார்கள். தேர்வு முடிந்து வந்து மிச்சத்தை முடிக்கட்டும் என்று திறந்தே வைத்திருக்கிறோம்.